கடைசியாகப் பேசுபவர்

நம்முடைய துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வகுப்பெடுக்கக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று, பேசாலையில் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவள். புதியவர்களுக்கென்று என் பணி அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தலைமைத்துவம் பற்றி எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொருவரைப் பார்த்து வயிறெரிந்து தெரிந்துகொண்டதுதான். ஆகவே அந்த வயிற்றெரிச்சலில் இருந்தே தொடங்குகிறேன்.

போர் முடிந்து, சனங்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம். எங்கள் மருத்துவபீடம் மன்னாரில் ஒரு களப் பயிற்சிப் பிரிவை நடத்தி வந்தது. பெயர்தான் பெரிது. வைத்தியசாலையின் பின்பக்கம் சில அறைகள், ஒரு பழைய வான், மாறி மாறி வந்து தங்கிப் படிக்கும் மாணவர்கள், இவ்வளவுதான் அந்தப் பிரிவு. போர்க்காலம் முழுக்க அந்த அறைகளைப் பூட்டாமல் வைத்திருந்தவள் நான். மருந்து வராத மாதங்களிலும், மாணவர்கள் வராத வருடங்களிலும் அங்கேயே இருந்தேன். என் கதவில், நிரந்தரத் தலைவர் நியமிக்கப்படும்வரைக்கென்று, ‘பதில் தலைவர்’ என்று ஒரு பலகை தொங்கியது. அதில் உள்ள ‘பதில்’ என்ற சொல்லை ஒரு நாள் யாராவது வந்து அழிப்பார்கள் என்று காத்திருந்தேன். வந்து அழித்தார்கள். கூடவே கீழே இருந்த என் பெயரையும் அழித்தார்கள்.

புதுத் தலைவராக வந்தவர் மருத்துவபீடத்தில் எனக்கு ஒரு வகுப்பு இளையவர். நானாட்டானில் வயல்காரக் குடும்பம். சண்டை இறுகியபோது லண்டனுக்குப் போனவர், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தார். வந்தவரை நானாட்டானில் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயிலில் மாலை போட்டார்களாம். எனக்கு யாரும் மாலை போட்டதில்லை. போகாமலே இருந்தவளுக்கு எப்படி வரவேற்புக் கொடுப்பது? அவருடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுவும் அவருக்கு ஒரு மாலையாகிவிடும்.

வந்த முதல் நாளே என் மேசையில்தான் கை வைத்தார். பழைய பெரிய மேசை, என் வயதுக்கு மூத்தது. அதற்குப் பின்னால் இருந்துதான் நான் அத்தனை காலமும் பேசினேன். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

“அக்கா, இந்த மேசையை வெளியில எடுப்பமே? கதிரைகளை மட்டும் வட்டமாப் போடுவம்,” என்றார்.

“உங்கட அறை. உங்கட விருப்பம்,” என்றேன்.

அக்கா என்று அவர் கூப்பிட்டது எனக்கு எரிந்தது. மரியாதையாகத்தான் கூப்பிட்டார். அதனால்தான் கூடுதலாக எரிந்தது. மேசையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் மருந்துக் களஞ்சியத்தில் போட்டார்கள். அதன்மேல் சேலைன் பெட்டிகளை அடுக்கினார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வட்டத்தில் கூட்டம் நடக்கும். தாதிமார், பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, ஆய்வுகூடத்துப் பிள்ளை, வான் சாரதி, மாணவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். யார் ஆகப் புதிதாக வந்தவரோ அவர் முதலில் பேச வேண்டும். பிறகு அவரைவிடக் கொஞ்சம் பழையவர். இப்படியே போய்க் கடைசியாகத் தலைவர் பேசுவார். பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்வார்கள் என்பது அவருடைய எண்ணம்.

இந்த விதியால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலைவருக்கு அடுத்த மூத்தவள் நான். என் முறை கடைசிக்கு முந்தியது. அது வரும்போது நான் சொல்ல நினைத்ததை எல்லாம் யார் யாரோ சொல்லி முடித்திருப்பார்கள். அரைவாசியை மாணவர்கள், மீதியை சாரதி. எனக்கு மிச்சமாக இருந்தது “ஓம், சரிதான்” என்பது மட்டும். அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு மாதக்கணக்காகக் கதிரையில் இருந்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, தெற்கில் இருந்து வந்திருந்த ஒரு சிங்கள மாணவியின் முறை. வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. என்னுடைய வாட்டுச் சுற்றில் அந்தப் பிள்ளை ஒரு கேள்விக்கும் வாய் திறந்தது கிடையாது. மந்தமான பிள்ளை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கு வட்டத்தில் இருந்து, பயிற்சியில் என்ன கஷ்டம் என்று தலைவர் கேட்டதற்கு, மெதுவாகச் சொன்னது:

“மெடம் கத்தினா எனக்குத் தமிழ் மறந்து போகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? தலைவர் சிரிக்கவில்லை. “எனக்கும் மறந்துபோறது. அக்கா எனக்கு ஒரு வகுப்பு மேல. அந்தக் காலத்திலயே குரல் அப்பிடித்தான்,” என்றார். எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் வெளித்தது. அது அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என் மாணவர்கள் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பயந்து பார்த்தார்கள், மதித்துப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கவில்லை.

பொறாமை பெரிய விஷயங்களில் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது நண்டில் வந்தது. எங்கள் மருத்துவமாது விடத்தல்தீவுக்காரி. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பார்சல் நண்டு கொண்டுவருவாள். போர்க்காலத்தில்கூட எப்படியாவது கொண்டுவந்து தருவாள். புதுத் தலைவர் வந்து சில மாதங்களில் பார்சல் இரண்டாகியது. அதையும் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் அவருடைய பார்சலை அவர் பிரித்தபோது நான் அறையில் இருந்தேன். அவருடைய நண்டு பெரிதாக இருந்தது. வீட்டுக்குப் போய் என்னுடையதைச் சட்டியில் போடும்போது அழுகை வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள்.

இன்னும் இருக்கிறது. தாதிமார் எதற்கெடுத்தாலும் “சேர்ட்டையும் ஒருக்காக் கேப்பம்” என்று சொல்லத் தொடங்கினார்கள். அவரோ, “அக்காவிட்டக் கேட்டனீங்களோ?” என்று அவர்களை என்னிடம் திருப்பி அனுப்புவார். அவர் அனுப்பி அவர்கள் என்னிடம் வருவதைவிட வராமலே இருக்கலாம் என்று தோன்றும். மாணவர்களின் சிரிப்புச் சத்தம் அவருடைய அறையில் இருந்து வரும்போது என் அறைக் கதவைச் சாத்துவேன். சாத்தினாலும் கேட்கும். பழைய கதவு.

நான் ஒரேயொரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நெருக்கடி வரட்டும். உயிர் போகிற நேரத்தில் கதிரையை வட்டமாகப் போட்டு, ஆகச் சின்னவரிடம் அபிப்பிராயம் கேட்கட்டும் பார்ப்போம். அன்றைக்குத் தெரியும் இந்த ஆளின் வண்டவாளம். இப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வான் கிழமைக்கு ஒரு முறை முசலிப் பக்கம் போகும். கொண்டச்சியைச் சுற்றியுள்ள கரையோர ஊர்களுக்கு, இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்த முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. வந்தவர்களுக்கு முதல் வேலை பற்றைக்காடு வெட்டுவது, அடுத்த வேலை கிணறு இறைப்பது. அத்தனை வருடமும் இலையும் சேறும் விழுந்து நாறிப்போன கிணறுகள். மழைக்கு முதல் நல்ல தண்ணீர் கண்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஆழக் கிணற்றுக்குக் குழாய் எட்டாது என்று மண்ணெண்ணெய் மோட்டரையே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடுவார்கள். பிறந்த ஊரில் இருந்து பழகியவர்களாக இருந்தால் செய்திருக்கமாட்டார்கள். வீடு வேண்டும், தண்ணீர் வேண்டும், எல்லாம் இன்றைக்கே வேண்டும் என்று வந்தவர்கள் செய்தார்கள். மோட்டர் கக்குகிற புகை கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும்.

அன்றைக்குக் கிளினிக்குக்குத் தலைவரும் வந்திருந்தார். “நான் உங்களுக்கு உதவியாளா வாறன் அக்கா,” என்று சொல்லித்தான் வானில் ஏறினார். பள்ளிக்கூட மண்டபத்தில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியில் கூக்குரல் கேட்டது. ஒரு பெண் முக்காடு விலகியது தெரியாமல் ஓடி வந்தாள்.

“டொக்டர், கிணத்துக்குள்ள விழுந்து கிடக்கிறார்! தம்பியும் இறங்கி அவரும் ஏறி வரல்ல!”

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவளுடைய கணவர் நின்றுபோன மோட்டரைப் பார்க்க இறங்கி மயங்கி விழுந்திருக்கிறார். அவரைத் தூக்க அவருடைய தம்பி இறங்கி, அவரும் விழுந்திருக்கிறார். குனிந்து பார்த்தேன். இருவரும் சேற்றுத் தண்ணீருக்கு மேல், சரிந்த கல்லில் சாய்ந்து கிடந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. மூன்றாவதாக ஒருவர், பெண்ணின் அண்ணன், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த இளம் வைத்தியர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். உங்களைப் போன்ற வயது.

“ஒருத்தரும் இறங்கக்கூடாது!” என்று கத்தினேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது, அதற்கு முன்னால் வாட்டே அடங்கும். அன்றைக்கு ஒருவரும் அடங்கவில்லை. இளம் வைத்தியரின் சட்டைக் கொலரை ஒரு கையாலும், அந்த அண்ணனின் கயிற்றை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் என்னைத் திட்டினார்கள். உள்ளே இரண்டு பேர் சாகிறார்கள், இந்த மனுஷி மறிக்கிறாளே என்றார்கள். அவர்களுடைய நிலையில் நானும் திட்டியிருப்பேன்.

அப்போதுதான் தலைவர் ஓடி வந்தார். எல்லோருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்பியது. ஆம்பிளை டொக்டர், லண்டன் டொக்டர், பெரிய டொக்டர். “சேர், நீங்க சொல்லுங்க!” என்றார்கள். எனக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. இதோ வந்துவிட்டது நெருக்கடி, இனி என்ன செய்வார் பார்ப்போம் என்று, அந்த நேரத்திலும் ஒரு மூலையில் நினைத்தேன்.

அவர் கிணற்றுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, எனக்கு இந்தக் கரை தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கோ.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, “டொக்டரம்மா சொல்லுறதைத்தான் நானும் செய்வன். நீங்களும் அதைத்தான் செய்யோணும்,” என்றார்.

அவ்வளவுதான். கயிற்றைக் கட்டியவர் கட்டை அவிழ்த்தார். இளம் வைத்தியர் என் கையில் இருந்து தளர்ந்து நின்றார். நான் கத்திப் பெறாததை அவர் மெதுவான ஒரு பேச்சில் வாங்கி என் கையில் தந்துவிட்டார்.

நான் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் கரையில் கடலட்டை பிடிக்கிறவர்கள் வாடி என்ற ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கியிருப்பதும், அவர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு சுழியோடுவதும் எனக்குத் தெரியும். சாரதியை வானோடு வாடிக்கு அனுப்பினேன். மற்றவர்களைப் பெரிய மரக்கிளைகளைக் கட்டிக் கிணற்றுக்குள் ஏற்றி இறக்கிக் காற்றை அசைக்கச் சொன்னேன். பிறகு காத்திருந்தோம். பிள்ளைகளே, உங்கள் வேலையில் ஓடுவதும் வெட்டுவதும் தைப்பதும் பழகிவிடும். சும்மா நிற்பது பழகாது. ஒரு பெண் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு இறங்கு இறங்கு என்று அழும்போது, இறங்கினால் மூன்றாவது பிணம் என்று தெரிந்துகொண்டு சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான மருத்துவம் எனக்குத் தெரியாது.

சுழியோடிகள் இருவர் வந்தார்கள். ஒருவரிடம்தான் காற்று மீதமிருந்தது. அவர் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கிணற்று விளிம்பில் காலைப் போட்டபடி கேட்டார்:

“ஒராளைத்தான் ஒருக்காத் தூக்கலாம். ஆரை முதல்?”

“அவர எடுங்க! எங்கட புள்ளைகள்ற வாப்பா டொக்டர், அவர எடுங்க!” என்று அந்தப் பெண் கத்தினாள்.

தலைவர் என் பக்கத்தில் நின்றார். அவர் பேசவில்லை. அவர் கடைசியாகப் பேசுகிறவர் அல்லவா.

“பிந்தி இறங்கினவரை முதல் எடுங்கோ,” என்றேன். கூட்டத்தைத் தாண்டிக் கேட்கிற குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் கிடையாது.

தம்பி மேலே வந்தார். உயிர் எங்கோ ஒரு நூலில் இருந்தது. மண்ணில் கிடத்தி வேலை செய்தோம். நான் சொல்லச் சொல்லத் தலைவர் செய்தார், ஒரு சொல்லும் திருப்பிக் கேட்கவில்லை. மூச்சு வந்ததும், “நீங்கள் வானில கொண்டுபோங்கோ, நான் நிக்கிறன்,” என்றேன். அவர் போனார். பிறகு அந்தப் பெண்ணின் கணவரை மேலே கொண்டுவந்தார்கள். தொடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னவள் நான்.

உயிரோடு வந்தவரை வைத்தியசாலை வாசலில் இறக்கியவர் அவர். கைகளைப் பிடித்து நன்றி சொன்னார்கள், தாதிமார் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். நான் இறந்தவரின் மையத்தோடு இருந்துவிட்டுப் பொழுதுபடத் திரும்பியபோது எல்லோரும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். “அக்காதான் எல்லாம் செய்தவ,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிச் சொல்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நேராக வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை நண்டுப் பொறாமை அல்ல. கட்டளை போட எனக்குத் தெரியும். எங்கே சிலிண்டர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால், எனக்குத் தெரியாது, இவரிடம் கேளுங்கள் என்று அத்தனை சனத்துக்கு முன்னால் என் வாயில் வந்திருக்காது. அது வராது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவரிடம் இருந்து எனக்கு வேண்டியிருந்தது மேசையோ பலகையோ அல்ல, அந்தப் பேச்சு.

ஊரில் பேச்சு வேறாகப் போனது. டொக்டர்மார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளின் தகப்பனைச் சாகவிட்டுவிட்டு மற்றவரைத் தூக்கினார்கள் என்றார்கள். யார் சொல்லித் தூக்கினார்கள் என்பது ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. வான் இனி ஊருக்குள் வரக்கூடாது என்றார்கள். மருத்துவபீடத்துக்கும் செய்தி போனது. மாணவர்களை அந்தப் பக்கம் அனுப்புவதையே நிறுத்திவிடலாமா என்று மேலிடத்தில் யோசித்தார்கள். நிறுத்தினால் அந்தக் கரை முழுவதற்கும் கிளினிக் இல்லை. மன்னாருக்கு வர பஸ் சரியாக இல்லாத காலம். வான் நின்றிருந்த மாதங்களில் கர்ப்பிணிகள் மணல் ரோட்டில் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி வழியிலேயே பெற்றாள். தாயும் பிள்ளையும் தப்பியது ஆண்டவன் செயல்.

கூட்டம் ஒன்று வைத்துப் பேசுவோம் என்று தலைவர் பள்ளிவாசல் பெரியவர்களிடம் கேட்டார். பேசலாம், ஆனால் கணவனை இழந்தவள் வெளியில் வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவை அந்தப் பெண் இருந்து முடிக்க வேண்டும், அவளுக்கு முன்னால்தான் பேச வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். நியாயமான பேச்சு. நாலு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்த மாதங்களில் திங்கட்கிழமை வட்டத்தில் என் முறை வரும்போது “ஓம், சரிதான்” என்பதையும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். தலைவர் என்னை வற்புறுத்தவில்லை.

கூட்டம் அதே பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதற்கு யார் காரணம் என்று கேட்க வேண்டுமா? பள்ளிவாசல் பெரியவர்கள், பிரதேச செயலகத்தில் இருந்து ஒருவர், மருத்துவபீடத்தில் இருந்து ஒருவர், எங்கள் ஆட்கள். அந்தப் பெண் வெள்ளை முக்காட்டோடு பெண்கள் பக்கத்தில் இருந்தாள். தப்பிய தம்பி கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். உயிர் தப்பியதற்காக வெட்கப்படுகிற ஒருவரை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

பள்ளிவாசல் தலைவர் விஷயத்தைச் சொல்லி முடித்து, “யார் முதல்ல பேசுறீங்க?” என்று கேட்டார். எங்கள் வழக்கப்படி ஆகப் புதியவர்தான் தொடங்க வேண்டும். கொலரில் நான் பிடித்திருந்த அந்த இளம் வைத்தியர் தொண்டையைச் செருமினார். அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். அவர் முதலாவதாகப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அண்டைக்கு அந்த இடத்தில பொறுப்பா நிண்டவன் நான். இறங்க வேண்டாம் எண்டதும், ஆரை முதல் எடுக்கிறதெண்டதும் என்ர முடிவு. மற்றவை நான் சொன்னதைத்தான் செய்தவை. பிழையெண்டால் என்னோட கதையுங்கோ. கிளினிக்கை நிப்பாட்டாதேங்கோ,” என்றார்.

மருத்துவபீடத்து ஆள் தலையை ஆட்டினார். எல்லாம் அத்தோடு சுமுகமாக முடிந்திருக்கும். பழி ஒரு ஆளில் விழுந்துவிட்டது, அந்த ஆள் தாங்கக்கூடியவர். எனக்காகத்தான் செய்தார் என்று தெரியும். வேறு யாராவது என்றால் நன்றியோடு இருந்திருப்பார்கள்.

எனக்குப் பற்றி எரிந்தது. மேசையை எடுத்தார், பலகையை எடுத்தார், பிள்ளைகளை எடுத்தார், நண்டையும் எடுத்தார். என் வாழ்நாளில் நான் எடுத்த ஆகக் கஷ்டமான முடிவு அந்தக் கிணற்றடியில் எடுத்தது. அதன் பழியைக்கூட எனக்கு விடாமல் எடுத்துக்கொண்டு போகிறாரே! கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். நேர்மையால் எழுந்தேன் என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். பொறாமையால்தான் எழுந்தேன்.

“இல்லை. அவர் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்,” என்றேன்.

தலைவர் என் பக்கம் திரும்பி, “அக்கா, இருங்கோ,” என்றார். நான் இருக்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். “தெரியும் டொக்டர்,” என்றாள். “எனக்குக் கேட்டது உங்கட குரல்தான். இத்தா இருந்த நாள் முழுக்க அதான் காதுல. நீங்க எழும்பிச் சொல்லுவீங்களா, இல்ல வேற யாரையும் சொல்ல உட்டுட்டு இருப்பீங்களா எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன்.”

அவளும் எழுந்து நின்றாள்.

“ஏன் டொக்டர் அவர விட்டீங்க?”

“உங்கட மனுசன் முதல் இறங்கினவர். அவரில மூச்சு இருக்கிறது குறைவு, தம்பியில இருக்கலாம் எண்டு நினைச்சன். நிச்சயமாத் தெரியாது. நினைச்சன். மாறி எடுத்திருந்தால் ரெண்டு பேரையும் இழந்திருப்பம்.”

அவள் கதவோரம் இருந்த மைத்துனரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. பிறகு அவள் பள்ளிவாசல் தலைவரிடம் சொன்னாள்: “கிளினிக் வரட்டும் ஹாஜியார். ஆனா இவங்கதான் வரோணும்.”

கூட்டம் முடிந்தது. அடுத்த கிழமையே வான் போனது. நான்தான் போனேன், ஓய்வு பெறும்வரை நான்தான் போனேன். இன்றைக்கு உங்களை ஏற்றிக்கொண்டு போகிற வான் அந்த ஊரில் நிற்பதற்கு இதுதான் காரணம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது எனக்கு ஒன்றுதான். கூட வேலை செய்கிறவரைப் பார்த்துப் பொறாமை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வரும். வந்தால் அவருடைய கதிரையில் கண் வைத்து வீணாக்காதீர்கள். அவர் செய்கிற காரியங்களில் ஆகக் கஷ்டமானது எதுவோ அதைத் தேடிப் பார்த்து, அதில் பொறாமைப்படுங்கள். நான் இதைப் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமை வட்டத்தை நீங்கள் வினோதமாகப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த விதியை அவர் பிரிவை விட்டுப் போன பிறகும் மாற்றாமல் வைத்திருந்தவள் நான்தான். கடைசியாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருடைய இடத்துக்கு நான் வந்த பிறகுதான் தெரிந்தது. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வானில் திரும்பினோம். அவர் முன் ஆசனத்தில், நான் பின்னால். தள்ளாடிச் சந்தி கழிந்து, மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் தெரியத் தொடங்கியபோதுதான் பேசினார்.

“அக்கா, கூட்டத்தில அந்தப் பொம்பிளை என்னை ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை.”

அவருடைய குரலில் இருந்தது எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. அவர் வந்த நாளில் இருந்து அந்த வயிற்றெரிச்சலோடு குடியிருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? எங்கள் இருவரில் பழையவள் நான்; அவருடைய விதிப்படி அடுத்ததாக, கடைசியாக, நான்தான் பேச வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் தீவு வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.